ஒரு மொட்டையும் இரண்டு ஆங்கிலச் சொற்களும்

1

வியாழக்கிழமை பிற்பகல், பள்ளி விட்டதும், ஹெலன் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். அவர் வந்துபோன பிறகு எழுதினால் இதே நிகழ்ச்சிகளை வேறு மாதிரி எழுதுவேன். செய்தித்தாளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். முடிவு தெரிந்தபின் எழுதப்படும் செய்தியில் முதல் வரியிலேயே முடிவு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஹெலன் இந்த ஊர் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவில் வேலை செய்பவர். ஐம்பதை ஒட்டிய வயது. குரலை உயர்த்துவதில்லை. நாங்கள் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிறார். என் மகள் வள்ளிக்கு ஏழு வயது. அவள் எங்களுடன் இருப்பது அவளுக்குப் பாதுகாப்பா, இல்லையா என்று அவர் கருத்து எழுத வேண்டும். ‘இல்லை’ என்று எழுதினால் விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போகலாம். வள்ளியை வேறு வீட்டில் வளர்க்கச் சொல்லலாம்.

இது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் சிறு நகரம். என் மனைவி தேவிகா மருத்துவமனையில் முதியோர் வார்டு நர்ஸ். அவளுடைய வேலையை நம்பித்தான் வந்தோம். நான் ஊரில் ஒரு தமிழ் நாளிதழுக்குத் திருத்தணிப் பகுதி நிருபராக இருந்து, பிறகு சென்னையில் துணை ஆசிரியரானவன். இங்கே பார்சல் கிடங்கில் வேலை. நாளெல்லாம் முகவரிகளைப் படிக்கிறேன். வாசிக்கும் தொழில் முழுவதுமாகப் போய்விடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

2

வள்ளி இங்கேதான் பிறந்தாள். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டி, மூச்சுவிடச் சிரமப்பட்டு, மருத்துவமனையில் சேர்த்தோம். தலைமாட்டுத் திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அவை வெறும் எண்கள். தேவிகாவுக்கு அவற்றின் பொருள் தெரியும். தெரிந்ததால்தான் வேண்டிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். ‘தணிகை முருகா, முடி தர்றேன், புள்ளைய விட்டுடு’ என்று சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். திருத்தணிப் பக்கத்துக்காரர்களுக்கு வேண்டுதல் என்றால் முதலில் நாக்கில் வருவது முடிதான்.

வேண்டிக்கொண்ட முடியில் கத்திரி படக் கூடாது. அது நேர்ந்துவிட்ட முடி. நாம் அதை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஊரில் இருந்திருந்தால் ஒரு வயதில் மொட்டை அடித்து, காது குத்தி, காரியத்தை முடித்திருப்போம். குழந்தை வீறிட்டு அழும், சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். வள்ளியின் ஒரு வயதில் கொரோனாவால் விமானங்கள் ஓடவில்லை. அடுத்து விசாவைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. அதற்கடுத்த கோடைகளில் தேவிகாவுக்கு விடுப்பில்லை. முடி வளர்ந்துகொண்டே இருந்தது. பள்ளியில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இடுப்பைத் தொட்டுவிட்டது. இடைவேளையில் அதைப் பின்னிவிட மற்ற சிறுமிகள் முறை வைத்துக்கொண்டார்கள். பேச்சில் கூச்சமுள்ள பெண் அவள். அந்த வகுப்பில் அவளுக்குக் கிடைத்த இடம் முடி வாங்கிக் கொடுத்த இடம்.

கடவுள் காத்திருப்பார் என்று நினைத்தோம். அவர் காத்திருந்தார். அதற்குள் குழந்தை வளர்ந்து, அந்த முடி தன்னுடையது என்று எண்ணத் தொடங்கியிருந்தாள். அதை நாங்கள் யோசிக்கவில்லை.

இந்த ஆண்டு பள்ளி விடுமுறையும் ஆடிக் கிருத்திகையும் ஒத்துவந்தன. தேவிகாவின் தம்பி முரளி பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்யும் விசைத்தறி வைத்திருக்கிறான். கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு காவடி எடுப்பது அவன் வழக்கம். மொட்டை அடிக்கும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். ‘என் மடி எத்தினி வருசமா காலியா கீது பாவா’ என்று ஒவ்வொரு முறை பேசும்போதும் சொல்லிக்கொண்டிருந்தான். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். அக்கா புருஷன் எங்கள் பக்கத்தில் பாவாதான். அப்பா நைனா. வள்ளியும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

சரவணப் பொய்கைக்கு அருகில் மொட்டைக் கொட்டகை. ஈரத் தரை, சந்தன வாசனை, சாமந்திப் பூவின் வாடை, பத்துத் திசையிலிருந்தும் அரோகரா. வள்ளி முதலில் சமாதானமாகத்தான் உட்கார்ந்தாள். முடி சாமிக்கு என்று வீட்டிலேயே சொல்லியிருந்தோம். சரி என்று தலையாட்டியிருந்தாள். முடி இறக்குபவர் தலையில் தண்ணீர் தெளித்து, முடியை இரண்டாகப் பிரித்து முடிந்து, புது பிளேடைக் கத்தியில் பொருத்தியதும் அவள் எழுந்துகொள்ளப் பார்த்தாள். முரளி இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டான். தேவிகா கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் சந்தனம் பூசினோம். கண்ணாடியைக் காட்டியபோது பார்க்க மறுத்துவிட்டாள். சற்று நேரத்தில் முரளி குளித்து வந்து வேல் குத்திக்கொண்டான். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிவந்த சின்ன வெள்ளி வேல். வள்ளி அவனருகில் போய் நின்று, ‘வலிக்குதா மாமா?’ என்று கேட்டாள். வாயைத் திறக்க முடியாதவன் கண்ணடித்தான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் கைப்பேசியில் இல்லை. அதற்குள் நான் பதிவை நிறுத்திவிட்டிருந்தேன்.

3

செப்டம்பரில் பள்ளி திறந்தபோது தலையில் பட்டு நூல் மாதிரிக் கொஞ்சம் முடி இருந்தது. வகுப்பில் தொப்பி போடக் கூடாது. முதல் நாள் வள்ளி போகமாட்டேன் என்று சொல்லவில்லை. வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டாள்.

அந்த வாரமே எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் சூசன் கதவைத் தட்டினார். அவருடைய மகனும் வள்ளியின் வகுப்பு. கையில் ஆரஞ்சு கேக். கண் கலங்கியிருந்தது. ‘பையன் வந்து சொன்னதிலிருந்து எனக்கு ஒரே வொர்ரி. எந்த மருத்துவமனையில் சிகிச்சை நடக்கிறது? நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். அவர் புற்றுநோய் என்று நினைத்துவிட்டார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

நோய் எதுவும் இல்லை, கோயில் வேண்டுதல் என்று விளக்கினேன். முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ‘ஓ’ என்றார். அவளுக்குச் சம்மதமா என்று கேட்டார். கேக்கைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் வந்தவரும் போனவரும் ஒருவர் அல்ல.

பள்ளியில் விடுமுறையைப் படமாக வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் கடற்கரையும் கூடாரமும் வரைந்தார்கள். வள்ளி வரைந்தது இது: ஓர் ஆள் கத்தியோடு நிற்கிறான். இன்னோர் ஆளின் வாய்க்குக் குறுக்கே ஈட்டி போகிறது, கன்னத்தில் சிவப்பு. நடுவில் தலையில்லாத முடியும் முடியில்லாத தலையும். மாமாவைத்தான் எல்லோரையும்விடப் பெரிதாக வரைந்திருந்தாள், அவளுக்குப் பிடித்தவன் என்பதால். ஆசிரியை கேட்டதற்கு, ‘நான் நிறுத்தச் சொன்னேன், அவர்கள் நிறுத்தவில்லை’ என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் பள்ளியிலிருந்து அழைப்பு. தலைமையாசிரியையும் குழந்தைகள் பாதுகாப்பைக் கவனிக்கும் ஆசிரியையும் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரு கன்சர்ன் இருக்கிறது, விதிப்படி அதைக் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டோம் என்றார்கள். இரண்டு பேரும் மிகவும் அன்பாகப் பேசினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் தேவிகாவிடம், ‘கவலைன்னுதான சொல்றாங்க, வெளக்கிட்டா தீந்துடும்’ என்றேன்.

‘கவலை இல்லீங்க அது. வொர்ரின்னா கேக்கு எடுத்துகினு வருவாங்க. கன்சர்ன்னா எழுதி வெப்பாங்க’ என்றாள்.

4

அகராதியில் இரண்டு சொற்களுக்கும் கவலை என்றுதான் போட்டிருக்கிறது. இந்த நாட்டில் சில காலம் இருந்தவர்கள் அகராதியை அவ்வளவாக நம்புவதில்லை.

வொர்ரி ஊரிலேயே புழங்குகிற சொல். ரயில் தாமதமானால், ‘வொர்ரி பண்ணாத, அரக்கோணத்துல அடுத்த வண்டி கீது’ என்பார்கள். கன்சர்னும் ஊருக்குப் புதிதில்லை, ஆனால் அங்கே அதற்கு வேறு வேலை. தாலுகா அலுவலகத்தில் ‘கன்சர்ன் கிளார்க் லீவு, நாளைக்கு வாங்க’ என்பார்கள். ஜவுளிக்கடைப் பலகையில் ‘சிஸ்டர் கன்சர்ன்’ என்று எழுதியிருக்கும். நமக்குக் கன்சர்ன் என்றால் ஒன்று பொறுப்பான ஆள், அல்லது வியாபாரம். இரண்டிலும் மனவருத்தம் கிடையாது. அதை உணர்ச்சியின் பெயராக நான் முதலில் கேட்டது இங்கே வந்துதான்.

இரண்டும் புழங்கும் விதத்தைக் கவனித்து வருகிறேன். வொர்ரிக்கு ஓர் ஆள் வேண்டும். அம்மாவுக்கு வொர்ரி, பேருந்து ஓட்டுநருக்கு வொர்ரி. வயிற்றைப் பிசைகிறது, தூக்கம் வரவில்லை என்று அதைப் பற்றிச் சொல்லலாம். கன்சர்னுக்கு ஆள் தேவையில்லை. அது எழுப்பப்படும், பதிவு செய்யப்படும், மேலே அனுப்பப்படும். யார் எழுப்பினார் என்பது வாக்கியத்தில் இருக்காது. ‘கூறப்படுகிறது’ என்று செய்தியில் போடுவோமே, அது போல. கூறியவரைக் காப்பாற்ற அப்படி எழுதுவோம். கூறப்பட்டவர் அதைப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று அந்த மேசையில் உட்கார்ந்து நான் யோசித்ததில்லை.

‘வொர்ரி பண்ணாதே’ என்று ஒருவர் இன்னொருவருக்கு ஆறுதல் சொல்லலாம். பேருந்தில், மருந்துக் கடையில், கிடங்கில், எங்கும் காதில் விழுகிறது. ‘கன்சர்ன் பண்ணாதே’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வொர்ரி தீரும். கன்சர்ன் மூடப்படும். மூடியதைத் திறக்கலாம்.

ஆகவே வொர்ரி நல்ல சொல், கன்சர்ன் கெட்ட சொல் என்று முடித்துவிட நினைத்தேன். அதுவும் சரியில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நடைபாதை வயல்களுக்குள் போகிறது. செம்மறி ஆடுகள் மேயும் வயல் ஒன்றின் வேலியில் ஓர் அறிவிப்பு: ஆடுகளை வொர்ரி பண்ணும் நாய்கள் சுடப்படலாம். வந்த புதிதில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். நாய் எப்படி ஆட்டைக் கவலைப்படுத்தும்? கிடங்கில் என்னோடு வேலை செய்யும் பில் விவசாயக் குடும்பம். அவர்தான் சொன்னார். அந்தச் சொல்லின் பழைய பொருளே கழுத்தை நெரிப்பது. நாய் ஆட்டின் தொண்டையைக் கவ்வி உலுக்குவதற்குப் பெயர் வொர்ரி. ‘கடிக்கணும்னுகூட இல்லை. சும்மா துரத்தினாலே போதும். சினை ஆடு குட்டியை இழந்துவிடும்’ என்றார். அப்போது எனக்கு அது ஒரு சுவையான தகவல். குறித்து வைத்துக்கொண்டேன்.

5

ஹெலன் முதல்முறை வந்தபோது டீ வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். வள்ளியின் அறை, கட்டில், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ‘சம்பவத்தின்போது பாட்டியும் இருந்திருக்கிறார். அவர்தான் நின்று படம் எடுத்தார், இல்லையா?’ என்று கேட்டார்.

பாட்டி யாரும் இல்லை என்றேன். தாளைப் பார்த்தார். வள்ளி பள்ளியில் நைனா என்று சொன்னதை ஆசிரியை நானா என்று எழுதியிருக்கிறார். இங்கே நானா என்றால் பாட்டி. பாட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வைத்தேன். திருத்தம் போடுவதுதானே என் தொழில்.

‘அப்படியானால் படம் உங்களிடம் இருக்கிறதா?’

தேவிகா என்னைப் பார்த்தாள். இருக்கிறது என்றேன். எடுத்துக் கொடுத்தேன். ஹெலன் முழுவதும் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டு, பேசுவதை மொழிபெயர்க்கச் சொன்னார். கவுன்சிலின் மொழிபெயர்ப்பாளரும் பிறகு ஒருமுறை பார்ப்பார், அது வழக்கம்தான் என்றும் சொன்னார். நிறுத்தி நிறுத்திப் போட்டோம்.

முடி இறக்குபவர்: ‘தலைய அழுத்திப் புடிங்க சார், ஆடுது பாரு.’

முரளி: ‘ஆடாத கண்ணு. ஆடுனா காது கையோட வந்துடும். அப்புறம் கம்மல எங்க மாட்டுவ, மூக்குலயா?’

வள்ளி: ‘வேணாம் மாமா. நைனா, வேணாம்னு சொல்லு. நைனா!’

என் குரல்: ‘அவ்ளோதாம்மா. ஆயிடுச்சி. இங்க பாரு, போட்டோ பாரு.’

தேவிகா: ‘அரோகரா சொல்லு. அழுதுகினே சொல்லு, பரவால்ல.’

எழுத்து மாறாமல் சொன்னேன். காதைப் பற்றிய வாக்கியத்துக்கு வந்தபோது ஹெலன் கையைத் தூக்கினார். ‘காதை வெட்டிவிடுவோம் என்று சொல்கிறாரா?’

‘விளையாட்டுக்குச் சொல்கிறார். எங்கள் ஊரில் குழந்தைகளிடம் அப்படித்தான் பேசுவோம். சோறு தின்னாவிட்டால் பூச்சாண்டியிடம் கொடுப்போம் என்போம். அழுதால் ஊசி போடுவோம் என்போம்.’

‘விளையாட்டு என்று வள்ளிக்குத் தெரியுமா?’

‘தெரியும் என்று நினைக்கிறேன்.’

‘நினைக்கிறீர்கள்’ என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

பிறகு மாடியில் வள்ளியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அவளுடன் தனியாகப் பேசினார். நாங்கள் சமையலறையில் நின்றிருந்தோம். மேலே இரண்டு குரல்களும் கேட்டன, சொற்கள் கேட்கவில்லை. வள்ளி எங்களிடம் பேசும்போது தமிழைத் தேடித் தேடி எடுப்பாள். மேலேயிருந்து வந்த குரலில் தேடல் இல்லை. ஆங்கிலத்தில் அவள் எங்களுக்குத் தெரியாத ஒரு பெண்.

‘ஏன் அத காட்டினீங்க?’ என்றாள் தேவிகா. ‘இல்லன்னு சொல்லியிருக்கலாமில்ல?’

‘இருக்குதே.’

‘ஆங், இருக்குது. பேப்பர்காரரு. ஒரு எழுத்து மாறக் கூடாது உங்களுக்கு.’ பாத்திரம் துலக்கும் பஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தாள். ‘நானே எழுதியிருக்கேங்க. வார்டுல ஒரு தாத்தா, கையெல்லாம் கன்னிப்போயி வந்தாரு. மகன் மேல எனக்கு டவுட்டு. கன்சர்ன்னு எழுதி அனுப்பினேன். அப்புறம் இன்னா ஆச்சின்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. எழுதினவங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க.’

‘நீ எழுதினது தப்பா?’

‘தப்பில்ல. அதான் சொல்றேன். இந்தம்மா எழுதினாலும் தப்பில்ல.’

ஹெலன் இறங்கி வந்து, வள்ளி மிகவும் தெளிவாகப் பேசினாள் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வள்ளி பின்னாலேயே வந்து, பசிக்கிறது என்றாள்.

6

முரளிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தன் வாட்ஸ்அப் முகப்பில் அலகு குத்திய முகமும், தோளில் மொட்டைத் தலை வள்ளியுமாக ஒரு படம் வைத்திருந்தான். அதை எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னணியில் தறிகளின் சத்தம். கத்தித்தான் பேசினான்.

‘இன்னா பாவா சொல்ற? மொட்ட அடிச்சதுக்குப் போலீசா?’

‘போலீஸ் இல்லடா. கவுன்சில்.’

‘கவுன்சிலரா? நம்மூரு கவுன்சிலரா இருந்தா நானே பேசி முடிச்சிருப்பேன். அந்த ஊரு ஆம்பளைங்க பாதி பேரு மொட்டையாத்தான கீறாங்க, அவங்கள யாரு புடிக்கிறது?’

தேவிகா கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். ‘டேய், வெளையாடாத. அந்தப் படத்த எடு மொதல்ல.’

‘சாமி படம்க்கா அது.’

‘சாமி படந்தான். எடு.’

தறிச் சத்தம் நின்றது. வெளியே வந்திருக்க வேண்டும். ‘அக்கா, நான் வேணா வீடியோ கால்ல வரேன். எனுக்கு இங்கிலீஷ் வராது, ஆனா நல்லா அழுவேன். காதுன்னு சொன்னதுக்கு மன்னாப்பு கேட்டுக்கறேன். புள்ள மேல எனுக்கு எவ்ளோ பாசம்னு பாத்தா தெரியாதா அவங்களுக்கு?’

பாசத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஹெலனுக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். பாசம் அவருடைய கேள்வியில் இல்லை. ஏழு வயதுப் பெண் வேண்டாம் என்று சொன்னபோது அவளைச் சுற்றியிருந்த பெரியவர்களில் ஒருவராவது கையை எடுத்தாரா என்பதுதான் கேள்வி. இதை நான் முரளிக்கு எப்படி மொழிபெயர்ப்பது? ‘சாமி காரியத்துல புள்ள பேச்ச யாருன்னா கேப்பாங்களா?’ என்று திருப்பிக் கேட்பான். அவனுடைய கேள்வியிலும் தவறில்லை.

படம் மாறியிருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு லுங்கி விளம்பரம்.

7

நேற்று ஹெலன் தொலைபேசியில் கூப்பிட்டார். விஷயம் முடிந்தது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து, கிடங்கின் சத்தத்திலிருந்து விலகி வாசலுக்கு ஓடினேன்.

வள்ளி அன்று மாடியறையில் என்ன சொன்னாள் என்பதை அவர் எனக்குச் சொன்னார். மொட்டை அடித்துக்கொள்ள அவளேதான் ஆசைப்பட்டாளாம். அவள் கேட்டதால்தான் எல்லோரும் திருத்தணிக்குப் போனோமாம். யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை, அவள் அழவே இல்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் சொன்னது கதை. அப்படிச் சொன்னால் மற்ற பிள்ளைகள் கவனிப்பார்கள் என்று சொன்னாளாம்.

ஹெலனும் நானும் அந்தக் கைப்பேசிப் படத்தைப் பார்த்தவர்கள். ஒவ்வொரு வார்த்தையையும் நானே மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

‘என்ன சொல்ல வேண்டும் என்று யாராவது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா?’

‘இல்லை.’

‘அப்படியானால் இது புதிய கன்சர்ன். எழுதித்தான் ஆக வேண்டும்’ என்றார். வியாழக்கிழமை மறுபடி வருவதாகவும், அதுவரை இது பற்றி வள்ளியிடம் நாங்கள் எதுவும் பேசக் கூடாது என்றும் சொன்னார். பிறகு, அலுவலகக் குரல் கொஞ்சம் இறங்கி, ‘ஏழு வயதுக் குழந்தை இவ்வளவு ஒழுங்காகப் பேசிக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு வொர்ரியாக இருக்கிறது’ என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. கன்சர்னைக் கோப்பில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம். இது அவரோடு வீட்டுக்குப் போகும்.

நிருபராக இருந்தபோது விபத்துகளுக்கும் வெட்டுக் குத்துகளுக்கும் சாட்சி சொன்னவர்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். பார்த்தவர்கள் தடுமாறுவார்கள். முன்னே சொன்னதைப் பின்னே மாற்றுவார்கள். சட்டையின் நிறம் நினைவிருக்காது. தடுமாறாமல் பேசுகிறவரிடம் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, இவர் யாரைக் காப்பாற்றுகிறார் என்று பார்க்கத் தொடங்குவோம். ஹெலனுக்கும் அந்தத் தொழில்தான்.

இன்று சாயங்காலம் தேவிகா வேலைக்குக் கிளம்பிப் போனாள். வள்ளியும் நானும் தோசை சாப்பிட்டோம். அவளாகவே ஆரம்பித்தாள்.

‘ஹெலன் வியாழக்கெழமை வராங்களாம். மிஸ் சொன்னாங்க.’

‘ஆமாம்மா.’

‘நான் சொன்னது தப்பா நைனா?’

‘அதப் பத்தி நாம பேசக் கூடாதும்மா. அவங்க சொல்லியிருக்காங்க.’

தோசையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். வகுப்பில் ஜெஸ் என்று ஒரு பெண் இருக்கிறாள். அவள் இருப்பது அவளுடைய அம்மா வீட்டில் இல்லை, வேறொரு வீட்டில். ஜெஸ் வள்ளியிடம் சொன்னாளாம்: முதலில் ஒரு லேடி வருவாங்க, ரொம்ப நல்லவங்களா இருப்பாங்க, உன் ரூமைப் பார்ப்பாங்க, உன்கிட்ட தனியா பேசுவாங்க. நீ வீட்டில் நடந்ததைச் சொன்னால் அப்புறம் கார் வரும். ஜெஸ் நடந்ததைச் சொன்னாள். அதனால் நான் நடக்காததைச் சொன்னேன் என்றாள் வள்ளி.

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. சட்னியைத் தொட்டுக்கொண்டாள்.

நடந்ததைச் சொல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னாலும் அது சொல்லிக்கொடுத்ததாகிவிடும். நடந்தது அந்தப் படத்தில் இருக்கிறது. அதில் அவள் என்னைக் கூப்பிடுகிறாள், நான் போட்டோவைப் பார்க்கச் சொல்கிறேன். நடக்காததையே மறுபடி சொல் என்று எந்தத் தகப்பனும் சொல்ல முடியாது. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதற்கும் குழந்தைகள் ஒரு பொருள் கண்டுபிடிப்பார்கள்.

‘நைனா’ என்றாள், தமிழில். ‘எத சொன்னா நான் இங்கயே இருப்பேன்?’

‘தெரியலம்மா.’

‘உனக்கும் தெரியாதா?’

‘தெரியாது.’

என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். சங்கடமான கேள்வியை நிருபர் கைவிட்டுவிட்டார் என்று தெரிந்ததும் அதிகாரிகளின் முகத்தில் ஓர் இரக்கம் வரும். அந்த இரக்கத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்த்ததில்லை.

‘சரி. நான் பாத்துக்கறேன்’ என்றாள். தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனாள்.